பாக்கெட் எங்கே, பணம் எங்கே, பேர் யாருடையது?

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வருகிற போன்களில் பாதி, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று தொடங்கி, ஆன்லைன் விற்பனைக்கு வரி எப்படி என்று முடியும். போன வாரம் வரி அலுவலகத்திலிருந்து ரம்யா கூப்பிட்டாள். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"கோமதிக்கா, ஆன்லைன்ல விக்கிறவங்களுக்கு விதி மாறிக்கிட்டே இருக்கு. புதுசா வேலைக்கு வந்தவங்களுக்கு ஒரு வகுப்பு வைக்கிறோம். உங்க அனுபவத்த எழுதிக் கொடுங்க, வாசிச்சுக் காட்டுதேன்."

"விதிதான் மாறிட்டுதே, என் பழைய அனுபவம் எதுக்குட்டி?"

"விதிதானக்கா மாறுது. வாரவங்க அப்படியேதான வாராங்க."

எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் கேரளத்தில், ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்று சொல்கிற வரிசை வீட்டில் பிறந்தவள். தமிழ் மீடியத்தில் படித்து, மலையாளத்தை மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டு, தேர்வெழுதி விற்பனை வரித் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கனமான ஒரு சட்டப் புத்தகம், ஆடுகிற ஒரு நாற்காலி, ஓயாத ஒரு மழைக்காலம். அதன்பிறகு பல வருடங்கள் மலையுச்சியில் எல்லைச் செக்போஸ்ட். லாரி வந்தால் கம்பத்தை இறக்குவோம், சரக்கு என்ன என்று கேட்போம், பில்லைப் பார்ப்போம், கம்பத்தைத் தூக்குவோம். அந்தக் கம்பத்துக்குப் பின்னால் நின்றால் எனக்கு ஒரு கலெக்டர் கெத்து வந்துவிடும்.

பிறகு சரக்கு சேவை வரி வந்தது. கம்பத்தை ஒரேயடியாக நிமிர்த்தி வைத்துவிட்டு எங்களைக் கிளம்பச் சொன்னார்கள். கடைசி நாளில் ஒரு லாரிக்காரன் நிறுத்தாமல், கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தினமும் என்னிடம் திட்டு வாங்கியவன் அவன்.

என்னை அலுவலகத்தில் உதவி மேசைக்கு மாற்றினார்கள். உதவி என்ற சொல்லுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம் என்று கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். அங்கேதான் பழனிச்சாமி சார் மேலதிகாரியாக வந்து சேர்ந்தார்.

சார் கிழக்குப் பாலக்காட்டில் தென்னந்தோப்பு உள்ள விவசாயக் குடும்பத்துக்காரர். கோயமுத்தூர்ப் பேச்சு. வாயைத் திறந்தால் மரியாதை கொட்டும். அந்த மரியாதையைக் கண்டால்தான் வியாபாரிகளுக்குப் பயம். அபராதம் போட வேண்டிய ஆளை முதலில் உட்காரச் சொல்வார். தன் காசில் சாயா வரவழைப்பார். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரிப்பார். வந்தவர் குடித்து முடித்ததும், "சந்தோஷமுங்க. கோவிச்சுக்காதீங்க, ஒரு சின்ன அபராதமுங்க" என்பார். கட்டப்பனைப் பக்கத்து மளிகைக்காரர் ஒருவர் என்னிடம் வந்து, "அந்தச் சாயா மட்டும் வேணாம்னு சொல்லுங்க மேடம், ரெண்டு திட்டு திட்டிட்டு விட்டுறச் சொல்லுங்க" என்று கெஞ்சியிருக்கிறார்.

ஆன்லைனில் விற்கிறவர்கள் வரத் தொடங்கியபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. லாரி கிடையாது, கம்பம் கிடையாது. ஆளுக்கொரு செல்போனை நீட்டி, "பணம் வரல" என்றார்கள். சார் அசரவில்லை. அவருக்கு மூன்றே கேள்விகள்தான். "பாக்கெட் இப்ப எங்கீங்க இருக்குது? பணம் எங்கீங்க இருக்குது? பேரு யாருதுங்க?" இந்த மூன்றையும் வரிசையாகக் கேட்டால் முக்கால்வாசிச் சிக்கல் தானாக அவிழும் என்பார்.

முதலில் நான் நம்பவில்லை. சித்திரபுரத்து மின்வாரியக் குடியிருப்பிலிருந்து சேகர் என்று ஒருவர் வந்தார். தேயிலைத் தூளைப் பாக்கெட் போட்டு ஆன்லைனில் விற்பவர். கம்பெனிக்காரன் தன் பணத்தைத் திருடிவிட்டான் என்று மேசையைத் தட்டினார். நானும் பதிலுக்குத் தட்டப் போனேன். அதற்குள் சார் வந்துவிட்டார்.

"பாக்கெட் எங்கீங்க?"

"வாங்குனவங்க பிடிக்கலன்னு திருப்பிட்டாங்க சார். எங்கயோ குடோன்ல கெடக்கு."

"அப்ப அந்தப் பணம் வாங்கினவிய கிட்டயே திரும்பிப் போயிருக்குமுங்க. மத்த பாக்கெட்டு?"

"அதெல்லாம் போய்ச் சேந்துட்டு. ஆனா காசு குறைச்சு வருது."

சார் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். ஆன்லைன் கடைப் பணம் நேராகக் கைக்கு வராது. வாங்கியவர் திருப்பி அனுப்புவதற்கான கெடு முடிய வேண்டும். பிறகு கமிஷன் கழியும். வரிக்கென்று துளியூண்டு பிடித்து எங்கள் துறையில் அவர் பேரிலேயே கட்டிவிடுவார்கள். எவ்வளவு விற்றது, எவ்வளவு பிடித்தோம் என்று மாதாமாதம் எங்களுக்குச் சொல்வார்கள். பான் எண்ணோடு வருமான வரிக்காரர்களுக்கும் ஒரு தகவல் போகும். சுருக்கமாகச் சொன்னால், உங்கள் கடையில் என்ன விற்றது என்பது உங்கள் வீட்டுக்காரிக்கு முன்னால் அரசாங்கத்துக்குத் தெரிந்துவிடும்.

"அவிய புடிச்ச பணம் எங்ககிட்டத்தானுங்க இருக்குது" என்றார் சார். "நீங்க உள்ள போயி, ஆமா இது என்னுதுன்னு ஒரு அமுக்கு அமுக்கோணும். அவ்வளவுதானுங்க."

சேகர் அமுக்கினார். வந்த பணத்தைப் பார்த்துவிட்டு அசடு வழிந்தபடி, அடுத்த முறை தூள் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கொண்டுவரவில்லை. அதுவும் நல்லதுதான், சார் வாங்க மாட்டார்.

இனி செல்வராணியின் கதை. ரம்யா இதைத்தான் எதிர்பார்த்திருப்பாள்.

மாதம் ஒருமுறை சாந்தன்பாறையில் பஞ்சாயத்து ஹாலில் உதவி முகாம் போடுவோம். ஒரு மழை நாளில் கதவு திறந்ததும் முதல் ஆளாக ஒரு பெண் வந்து நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, என் நம்பர அழிச்சுருங்க" என்றாள்.

"எந்த நம்பர?"

"ஜிஎஸ்டி நம்பர. இன்னைக்கே அழிக்கணும்."

நம்பர் வாங்கத்தான் ஆட்கள் அவசரப்படுவார்கள். அழிக்க இவ்வளவு அவசரப்பட்டவளை நான் பார்த்ததில்லை. உட்காரவைத்து விசாரித்தேன். அவள் மகள் பவித்ராவுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. கட்டணச் சலுகை இருந்தால் படிக்கலாம், இல்லாவிட்டால் தோட்டத்துக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான். சலுகைக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். மறுநாள் மாலைக்குள் கொடுக்க வேண்டும். வில்லேஜ் ஆபீசரோ அவளுடைய வருமானத்தை லட்சக்கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்.

"அவருக்கு யாரு சொன்னா உனக்கு அம்புட்டு வருமானம்னு?"

செல்வராணி தலையைக் குனிந்துகொண்டாள். "ஃப்ளெக்ஸ் வச்சுட்டானுவக்கா."

மிளகு, கிராம்பு, ஏலக்காய் என்று மலைச் சரக்கைச் சின்னப் பாக்கெட்டுகளாக்கி ஆன்லைனில் விற்று வந்தாள். அந்த வருடம் கம்பெனியிலிருந்து சிறந்த விற்பனையாளர் என்று ஒரு பாராட்டுப் பத்திரம் மெயிலில் வந்தது. அதில் மொத்த விற்பனைத் தொகையும் இருந்தது. லயத்துப் பையன்கள் சும்மா இருப்பார்களா? நம் ஆட்களுக்குப் பூப்புனித நீராட்டு விழாவுக்கும் ஃப்ளெக்ஸ், பைக் வாங்கினாலும் ஃப்ளெக்ஸ். சாந்தன்பாறை முக்கில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, செல்வராணியின் படத்தை ஆளுயரத்துக்குப் போட்டு, அந்தத் தொகையை அதைவிடப் பெரிதாகப் போட்டு வைத்துவிட்டார்கள். வில்லேஜ் ஆபீசர் தினமும் அந்த பஸ்ஸில்தான் வருகிறார்.

"வேண்டாம்னு சொல்லக் கூடாதா?" என்று சீறினேன்.

"சொன்னேன்க்கா. ஆனா போட்டோ நல்லா இருந்துச்சு."

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சாயா வரவழைத்தார். அவள் அரண்டு போனாள். முகாமுக்கு வருவதற்கு முன்பே யாரோ அந்தச் சாயாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

"பாக்கெட் எங்கீங்க?"

"கோயமுத்தூரு, மெட்ராஸுன்னு போயிட்டு சார்."

"பணமுங்க?"

"பேங்குல வருது. வந்ததும் போயிரும்."

"பேரு யாருதுங்க?"

"என் பேருதான் சார்."

"சரக்கு யாருதுங்க?"

அவள் முந்தானை நுனியைத் திருகினாள். கேட்டது நான்காவது கேள்வி. சார் அதை யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. லயத்தில் பிறந்தவளுக்கு இது புரியாதா? லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். அந்த முகவரியில் கடை நடத்துவதாகப் பதிவு செய்ய வேண்டுமானால் மானேஜர் சம்மதம் எழுதித் தர வேண்டும். அதை எந்தத் தொழிலாளி போய்க் கேட்பாள்? செல்வராணியின் மாமனார் மட்டும் தோட்டத்துக்கு வெளியே துண்டு நிலம் வாங்கி வீடு கட்டியிருந்தார். வீட்டு வரி ரசீது அவள் பேரில். ஆகவே நம்பரை அவள் பேரில் வாங்கி, எல்லாருடைய சரக்கையும் அதிலேயே விற்றார்கள். எங்கள் ஊரில் இது புதிதில்லை. நான் சின்னப் பெண்ணாக இருக்கும்போது லயம் முழுக்க எல்லாருடைய கடிதமும் ஒரே சாயாக்கடை முகவரிக்குத்தான் வரும். பேர்தானே, போட்டுக்கொள்ளலாம் என்பது எங்களுக்குப் பழக்கம். அந்தப் பேரோடு பான் எண்ணும் ஒட்டிக்கொண்டு, எட்டு வீட்டு விற்பனையும் ஒருத்தி தலையில் ஏறும் என்று யாருக்குத் தோன்றும்?

அவள் பயந்தது வேறு. கம்ப்யூட்டர் சென்டர்காரன், அடுத்தவர் சரக்கை உன் நம்பரில் விற்றால் ஜெயில் என்று சொல்லி வைத்திருந்தான். உண்மையைச் சொன்னால் ஜெயில், சொல்லாவிட்டால் மகளுக்குக் கல்லூரி இல்லை. அதனால் நம்பரையே அழித்துவிட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று வந்திருக்கிறாள்.

"நம்பரை அழிச்சா இனிமே விக்க முடியாதுங்க" என்றார் சார். "வித்தது அழியாதுங்க."

"அப்ப எம்புள்ள?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

நான் லயத்தை விட்டு வெளியே வந்ததும் இப்படி ஒரு வருமானச் சான்றிதழைப் பிடித்துக்கொண்டுதான். அந்த நினைப்பைக் காட்டிக்கொள்ளாமல், "அழாத, சாயாவக் குடி" என்று அவளை அதட்டினேன்.

சார் மேசையில் விரலால் தட்டிக்கொண்டே யோசித்தார். "ஏனுங்க, திரும்பி வர்ற பாக்கெட்டுக்கு யாருங்க நட்டம்?"

"நாந்தான் சார். சரக்கு குடுத்தவகளுக்குக் காசு குடுத்துருவேன். திரும்பி வந்த காந்தாரி மொளகாய நாங்கதான் தின்னு தீக்கோம்."

சாரின் முகம் மலர்ந்தது. "அப்ப நீங்கதானுங்க யாவாரி. நம்பரை வாடகைக்கு உட்டாத் தப்புங்க. வாங்கி விக்கறது தப்பில்லீங்க. நட்டத்தத் தாங்குறவியதான் யாவாரம் பண்றவிய. விக்கிறது வேற, வருமானம் வேறைங்க. ஏனுங் கோமதியம்மா, ஒரு ஜீப் புடிங்க. சரக்குக் குடுத்தவிய எல்லாத்தையும் கூட்டியாரச் சொல்லுங்க. அந்த ஃப்ளெக்ஸையும்."

"ஃப்ளெக்ஸ் எதுக்கு சார்? அது செஞ்ச கூத்து போதாதா?"

"வில்லேஜ் ஆபீசரு அதைப் பாத்துத்தானுங்க எழுதியிருக்கறாரு. அவரு பாத்ததை நாமளும் பாக்கோணுமில்லீங்களா?"

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜீப் வந்தது. கொழுந்து கிள்ளும்போது நனையாமலிருக்க இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கோடு ஏழு பெண்கள் அப்படியே வேலையிலிருந்து இறங்கினார்கள். அவர்களில் மூத்தவர் பேச்சியம்மாள். ஓடைக்கரையில் கொஞ்சம் ஏலச்செடி வைத்திருப்பவர். அவர் கக்கத்தில்தான் ஃப்ளெக்ஸ் சுருண்டிருந்தது. அதை முக்கிலிருந்து கழற்றிக் கொண்டுபோய்த் தன் கோழிக்கூட்டுக்குக் கூரையாகப் போட்டிருந்தாராம். "கோழி நனையும், சீக்கிரம் குடுத்துருங்க" என்று என்னிடம் முதலிலேயே சொல்லி வைத்தார்.

பக்கத்துக் கட்டடம்தான் வில்லேஜ் ஆபீஸ். ஆபீசர் கோட்டயத்துக்காரர், வயதில் இளையவர், கெட்டவரில்லை. எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"சாரே, ஞான் எந்து செய்யும்? ஊரு முழுக்கக் கண்ட ஃப்ளெக்ஸாணு. நான் சின்ன வருமானம் எழுதினா, நாளைக்கு ஆராவது பராதி கொடுத்தா, என்டெ ஜோலி போகும்."

அவர் பயமும் நியாயமானதுதான். சார் ஃப்ளெக்ஸை வராந்தாவில் விரிக்கச் சொன்னார். கோழி எச்சத்துக்கு நடுவே செல்வராணி பட்டுச்சேலையில் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்தத் தொகை.

"இதுல என்னங்க எழுதியிருக்குது, படிங்க" என்றார் சார்.

ஆபீசர் தொகையைப் படித்தார். அதற்கு மேல் படிக்கவில்லை. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஃப்ளெக்ஸ் முழுக்கத் தமிழ். அவருக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுத்து தெரியாது. பஸ்ஸிலிருந்து தினமும் அவர் பார்த்தது ஒரு பெண்ணின் படமும் ஓர் எண்ணும் மட்டும்தான்.

ஃப்ளெக்ஸ் என்றால் அடியில் வாழ்த்துகிறவர்களின் சின்னப் படங்கள் வரிசையாக இருக்க வேண்டும், அது நம் சம்பிரதாயம். இதிலும் இருந்தது. நான் குனிந்து உரக்கப் படித்தேன். "இந்த வெற்றி எங்கள் லயத்தின் வெற்றி. மிளகு தந்த தங்கம். கிராம்பு தந்த மாரியம்மாள். காந்தாரி தந்த ராசாத்தி. ஏலக்காய் தந்த பேச்சியம்மாள்." இப்படி ஏழு பேர். படிக்கப் படிக்க அந்தந்தப் பெண் ஒரு எட்டு முன்னால் வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பது போல இருந்தது.

ஆபீசர் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒவ்வொருத்தியிடமும் சரக்குக்குக் காசு வந்ததா என்று கேட்டார். வந்தது என்றார்கள். பிறகு செல்வராணியிடம் திரும்பினார். "அப்போ உங்களுக்கு ஒரு பாக்கெட்டில் எந்தா மிச்சம்?"

செல்வராணியின் முகம் வெளுத்தது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. ஒன்றும் மிச்சமில்லை என்று சொன்னால் எந்த ஆபீசரும் நம்ப மாட்டார். ஏதோ மிச்சம் என்று சொன்னால் சான்றிதழ் கையில். சொல்ல வேண்டியதுதானே? அவள் ஆபீசரைப் பார்க்கவில்லை, அந்த ஏழு பெண்களைப் பார்த்தாள். அப்புறம்தான் பிடிபட்டது. உங்கள் சரக்கில் நான் ஒரு பைசா எடுப்பதில்லை என்று அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறாள். உண்மையைச் சொன்னால் மகளுக்கு இடம் கிடைக்கும், லயத்தில் முகத்தைக் காட்ட முடியாது.

"பாக்கெட்டுக்கு அஞ்சு ரூவா எடுப்பேன் சார்" என்றாள் தரையைப் பார்த்து. "டேப்பு, கவரு போக."

பேச்சியம்மாள் மெதுவாக நகர்ந்து அவள் முன்னால் வந்தார்.

"அஞ்சுதானா?"

"ஆமா மதினி."

"நாங்க பத்துன்னுல்லா நெனச்சிருந்தோம்" என்றார் பேச்சியம்மாள். "எட்டி, அஞ்சு ரூவாய்க்கா இந்த மழையில மூடை தூக்கிட்டு கொரியருக்கு ஓடுத? கிறுக்கி."

தங்கம்தான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும். செல்வராணி சிரிக்கவும் தெரியாமல் அழவும் தெரியாமல் பேச்சியம்மாள் தோளில் சாய்ந்துகொண்டாள். எனக்கும் கண் கலங்கியது. கோழி எச்சத்தின் வாடை என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆபீசர் உள்ளே போய்க் கால்குலேட்டரைத் தட்டினார். சார் ஒரு வெள்ளைத் தாளில், கம்பெனி தெரிவிக்கும் தொகை மொத்த விற்பனையே தவிர வருமானம் அல்ல, திரும்பி வந்த பாக்கெட்டுகளும் கொள்முதலும் கழிக்கப்பட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "பராதி வந்தா என் பேரைச் சொல்லுங்க" என்றார். சான்றிதழ் அன்று மாலையே கிடைத்தது. பிறகு சார் செல்வராணியிடம், வாங்குகிற சரக்குக்கு இனி துண்டுச் சீட்டாவது எழுதி வைக்க வேண்டும், முடிந்தால் எட்டுப் பேரும் அயல்கூட்டமாக, அதாவது மகளிர் குழுவாகச் சேர்ந்து கூட்டத்தின் பேரிலேயே பான் எண்ணும் பேங்கு கணக்கும் வாங்கிவிட வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். கடைசியில், "சந்தோஷமுங்க" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு யாரும் நடுங்காததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அயல்கூட்டம் அமைந்தது. செல்வராணிக்குப் பாக்கெட்டுக்கு எவ்வளவு என்று பெண்களே கூடிப் பேசி முடிவு செய்தார்கள். பத்து ரூபாய். பேச்சியம்மாள் அதற்குக் கீழே இறங்கவே இல்லையாம்.

இப்போது மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிக்குப் பதிவு தேவையில்லை, ஒரு சேர்க்கை எண் போதும் என்று ஆகிவிட்டது. பிடிக்கிற வரியின் விகிதமும் குறைந்திருக்கிறது. நாளைக்கு இதுவும் மாறும். வகுப்பில் இருக்கும் பிள்ளைகளே, விதியைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். மேசைக்கு முன்னால் நிற்கிறவர்களிடம் அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள், அப்படியும் சிக்கல் அவிழாவிட்டால் நான்காவதையும் கேளுங்கள். சாயாவும் வாங்கிக் கொடுக்கலாம், காசு உங்களுடையது.

அந்தச் சான்றிதழ் கிடைத்ததற்கு அடுத்த மாத முகாமுக்கு நானும் சாரும் பஸ்ஸில் போய் இறங்கினோம். சாந்தன்பாறை முக்கில் புது ஃப்ளெக்ஸ். பவித்ரா வெள்ளைக் கோட்டில் நின்றாள். எண் எதுவும் இல்லை, அந்த மட்டில் புத்தி வந்திருந்தது. அடியில் வழக்கம்போல் சின்னப் படங்கள். பெட்டி தந்த தங்கம். கம்பளி தந்த மாரியம்மாள். செருப்பு தந்த ராசாத்தி. ஏலக்காய் தந்த பேச்சியம்மாள், அவர் மாறவில்லை. கையெழுத்து தந்த வில்லேஜ் ஆபீசர், இந்த முறை மலையாளத்திலும் எழுதியிருந்தது. சாயா தந்த பழனிச்சாமி சார்.

சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தன் படத்தை வெகுநேரம் பார்த்தார். "ஏனுங்க, இதை எப்பங்க புடிச்சாங்க?" என்றார்.

நான் கடைசிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து யாரையோ அதட்டுகிற நான். கீழே, "திட்டு தந்த கோமதியக்கா" என்று போட்டிருந்தார்கள்.